மயிலுக்குத் தந்ததும் மங்கைக்கு மறுத்ததும்



காதலில் மனம் மாறுவதைப் பற்றி ஒரு விலங்கியல் வாத்தியார் பேசப்போகிறார் என்றதும் முன்வரிசையில் சிலர் புன்னகைத்ததைக் கவனித்தேன். அதில் குற்றமில்லை. இந்தத் தலைப்பு கவிஞர்களுடையது, வழக்கறிஞர்களுடையது, அப்புறம்தான் எங்களுடையது. ஆனால் எங்கள் துறை இதற்குள் நுழைந்த நாளிலிருந்து நிறையச் சொல்லியிருக்கிறது. அவற்றில் பாதி பறவைகளைப் பற்றியது. மீதிப் பாதி, பறவைகளைப் பார்த்தவர்கள் தங்கள் வீட்டுப் பெண்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் இன்றைக்கு என் வேலை.

சார்லஸ் டார்வினிடமிருந்தே தொடங்கலாம். 1831 டிசம்பர் 27-ஆம் தேதி பீகிள் கப்பல் பிளிமத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியபோது அவருக்கு வயது 22. அவர் மனதில் ஃபேனி ஓவன் என்ற பெண் இருந்தாள். வேட்டைக்கும் விருந்துக்கும் அவர் அடிக்கடி போய்வந்த பக்கத்துப் பண்ணைக் குடும்பத்துப் பெண். தன்னை வேலைக்காரி என்றும் அவரைக் குதிரைவண்டிக்காரன் என்றும் வைத்து, விளையாட்டும் வம்புமாகக் கடிதம் எழுதுகிறவள். கப்பல் கிளம்பிய சில மாதங்களிலேயே, சர்க் கோட்டைக்குச் சொந்தக்காரரான ராபர்ட் பிடல்ஃப் என்பவரை அவள் மணந்துகொண்டாள். 1832 ஏப்ரலில் ரியோ டி ஜெனிரோவில் கப்பல் நின்றபோது, அவளுக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தியைச் சகோதரிகளின் கடிதங்கள் கொண்டுவந்து சேர்த்தன.

இதைச் சபலம் என்று சொல்ல எல்லாருக்கும் நாக்கு துடிக்கும். அவள் நிலையில் நின்று பாருங்கள். ஒருவன் எப்போது திரும்புவான் என்று தெரியாமல் உலகைச் சுற்றப் போய்விட்டான். திரும்பினாலும் பாதிரியாராகக் கிராமத்தில் அடங்கப்போகிறவன் என்றுதான் அப்போது பேச்சு. இன்னொருவன் கண்முன் நிற்கிறான், கோட்டையோடு. கையில் இருக்கிற தகவலை வைத்து அவள் முடிவெடுத்தாள். கைவிடப்பட்டவன் பக்கமிருந்து பார்த்தால் அது சபலம். எடுத்தவள் பக்கமிருந்து பார்த்தால் தேர்வு. என் பேச்சு முழுக்க இந்த இரண்டு பக்கமும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும்.

ஊர் திரும்பிய டார்வின் இரண்டாம் முறை உணர்ச்சிக்கு இடம் கொடுக்கவில்லை. 1838 ஜூலையில் ஒரு தாளை எடுத்து, கல்யாணம் செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன என்று இரண்டு பத்தியாகப் பிரித்துக் கணக்கு எழுதினார். புத்தகம் வாங்கப் பணம் மிஞ்சாது, நேரம் வீணாகும், உறவினர் தொல்லை என்பவை ஒரு பக்கம். முதுமையில் துணை, குழந்தைகள், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் என்பவை மறுபக்கம். கல்யாணம் வென்றது. செப்டம்பர் கடைசியில் மால்தஸின் நூலைப் படித்து இயற்கைத் தேர்வு என்ற கருத்தைப் பிடித்தார். நவம்பரில் எம்மா வெட்ஜ்வுட்டிடம் போய்ப் பேசினார். 1839 ஜனவரியில் திருமணம். எம்மா அவருடைய தாயின் தம்பி மகள். நம் கணக்கில் மாமன் மகள், முறைப்பெண். பத்துக் குழந்தைகளில் மூன்று சிறு வயதிலேயே இறந்தன. சொந்தத்தில் கட்டியதால்தானோ என்ற கவலை அவரை விட்டுப் போகவே இல்லை. 1871 குடிக்கணக்கெடுப்பில் உறவுத் திருமணம் பற்றி ஒரு கேள்வி சேர்க்க வேண்டுமென்று நண்பர் ஜான் லபக் மூலம் நாடாளுமன்றத்தில் முயன்றார், உறுப்பினர்கள் ஏற்கவில்லை. துணையைத் தேர்வதைப் பற்றி உலகில் எவரையும்விட அதிகம் யோசித்த மனிதர், தன் தேர்வைப் பற்றி வாழ்நாள் முழுக்க அரிப்போடு இருந்தார் என்பதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

அவருக்கு இன்னொரு தலைவலியும் இருந்தது. ஆண்மயிலின் தோகை. 1859-இல் வெளிவந்த நூலில் அவர் சொன்ன இயற்கைத் தேர்வு, உயிர் பிழைக்க உதவுவதை வளர்க்கும், உதவாததைக் களையும். தோகை எதற்கு உதவுகிறது? இழுத்துக்கொண்டு ஓட வேண்டும், மழையில் நனைந்தால் கனக்கும், நரிக்கு நல்ல பிடிமானம். தோகைச் சிறகு ஒன்றைப் பார்த்தாலே தனக்குக் குமட்டுகிறது என்று 1860-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதினார். விடை 1871-இல் வந்தது. மனிதனின் வழித்தோன்றலைப் பற்றிய அந்த நூலில் பெரும்பகுதி பாலினத் தேர்வு பற்றியதுதான். பெண்மயில் பார்க்கிறது, ஒப்பிடுகிறது, பிடித்ததைத் தேர்கிறது. தலைமுறை தலைமுறையாக அது தேர்ந்ததால் தோகை நீண்டது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஒரு பெட்டைப் பறவைக்கு அழகுணர்ச்சியும் சொந்த முடிவும் உண்டு என்று ஒருவர் அச்சில் எழுதியது சாதாரணக் காரியமல்ல.

ஆனால் அதே நூலில் மனிதரிடம் வரும்போது டார்வின் தடம் மாறுகிறார். உடலாலும் அறிவாலும் ஆண் வலியவன், ஆகவே மனித இனத்தில் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் ஆணின் கைக்குப் போய்விட்டது என்கிறார். மயிலுக்குத் தந்ததை மங்கைக்கு மறுத்துவிட்டார். ரியோவில் வந்த கடிதத்துக்குப் பிறகும்!

இயற்கைத் தேர்வைத் தனியே கண்டுபிடித்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் இதை நேர் எதிராகத் திருப்பிப் போட்டார். பறவைக்கு ரசனையாவது மண்ணாவது என்பது அவர் கட்சி. ஆணின் நிறம் உடல் தெம்பின் வழிவு, பெட்டை மங்கலாக இருப்பது கூட்டில் மறைந்திருக்க, அவ்வளவுதான் என்றார். அந்த வாலஸ் 1890-இல் மனிதத் தேர்வு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பெண்களுக்குப் பொருளாதார விடுதலை கிடைத்து, சோற்றுக்காகக் கல்யாணம் செய்யவேண்டிய நிலை போய்விட்டால், அவர்கள் தாமாகத் தேர்வார்கள், மனித இனம் மேம்படும் என்பது அதன் சாரம். ஒருவர் பெட்டைக்குக் கொடுத்து மனைவியிடம் பறித்தார்; மற்றவர் பெட்டையிடம் பறித்து மகளுக்குக் கொடுத்தார். இருவரும் மேதைகள். இருவர் கையிலும் இருந்த சான்று ஏறக்குறைய ஒன்றுதான்.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. 1875-இல் அன்டாய்னெட் பிரவுன் பிளாக்வெல், 1894-இல் எலைசா பர்ட் கேம்பிள் என்ற இரண்டு அமெரிக்கப் பெண்கள் டார்வினை அவருடைய தரவுகளை வைத்தே மறுத்து நூல் எழுதினார்கள். எங்கள் பாடத்திட்டத்தில் அவர்கள் பெயரைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

அடுத்து வருகிறது ஒரு ஈ. பழத்தில் மொய்க்கிற சின்ன டிரோசோஃபிலா. 1948-இல் ஏ. ஜே. பேட்மன் என்ற ஆங்கிலேயர், தொழிலால் தாவரவியலாளர், ஆண் பெண் ஈக்களைச் சீசாக்களில் சேர்த்துவைத்து, எந்தக் குஞ்சு யாருடையது என்று கணக்கெடுத்தார். ஒவ்வொரு ஈக்கும் பார்த்தவுடன் தெரிகிற ஒரு மரபுக்குறை உண்டு. அது பிள்ளையிடம் வந்தால் பெற்றவரைக் கண்டுபிடிக்கலாம். கூடிய பெண்களின் எண்ணிக்கை ஏற ஏற ஆணின் பிள்ளைகள் ஏறின. பெண்ணுக்கு அப்படி ஏறவில்லை என்றார். 1972-இல் ராபர்ட் டிரிவர்ஸ் இதைப் பிடித்துக்கொண்டு ஒரு கோட்பாடு கட்டினார். பிள்ளைக்காக அதிகம் செலவிடும் பால் எதுவோ அது பொறுக்கித் தேரும். குறைவாகச் செலவிடுவது போட்டியிடும், அலையும்.

டிரிவர்ஸின் கோட்பாடு நல்ல கோட்பாடு. அது ஆண் பெண் என்று சொல்லவில்லை, செலவைச் சொல்கிறது. நம் ஏரிகளில் தாமரை இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியில் ஆண்தான் அடைகாக்கும், குஞ்சு பார்க்கும். பெட்டை ஒரு கூட்டில் முட்டையிட்டு ஆணிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போகும். கோட்பாட்டுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் கோட்பாடு மேடைக்கும் பத்திரிகைக்கும் வந்தபோது செலவு கழன்று விழுந்துவிட்டது. ஆண் இயல்பிலேயே அலைபவன், பெண் இயல்பிலேயே அடங்கியவள் என்பது மட்டும் மிஞ்சியது. அதில் ஒருவகை வசதி இருந்ததை மறுக்க முடியாது. தப்பு செய்த ஆணுக்கு மரபணு சாட்சி சொன்னது. தப்பு செய்த பெண்ணுக்கோ இயற்கையே எதிர்ச்சாட்சி.

2012-இல் பாட்ரிசியா கவாட்டியும் குழுவினரும் பேட்மனின் சோதனையை அப்படியே திரும்பச் செய்தார்கள். தாய், தந்தை இருவரின் குறைகளையும் சேர்த்து வாங்கிய குஞ்சுகள் பல எண்ணுவதற்கு முன்பே செத்துப்போயின. ஆகவே எண்ணிக்கை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. பேட்மனின் பழைய அட்டவணைகளில் தந்தை பெயரில் பதிவான குஞ்சுகள் தாய் பெயரில் பதிவானவற்றைவிட அதிகமாக இருந்ததும் தெரியவந்தது. தாயில்லாப் பிள்ளை எப்படி வரும் என்று அறுபது ஆண்டுகளாக யாரும் கேட்கவில்லை. முடிவு பிடித்திருந்தால் கணக்கைச் சரிபார்க்க மனம் வராது.

இப்போது பறவைகளிடம் போவோம். என் பேச்சின் நடு இதுதான், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

1968-இல் டேவிட் லாக் என்ற பெரிய பறவையியலாளர், பறவையினங்களில் பத்துக்கு ஒன்பது ஒருத்திக்கு ஒருவன் என்று சோடியாக வாழ்பவை என்று எழுதினார். பாலூட்டிகளில் அப்படி வாழ்பவை மிகக் குறைவு என்பதால், குடும்பம் நடத்தக் கற்றுக்கொள்ளப் பறவையைப் பார் என்பது எல்லா நாட்டிலும் வழக்கமாயிற்று. நம்மிடம் அன்றில் இருக்கிறது. இங்கிலாந்தில் டன்னக் என்ற சின்னஞ்சிறு பழுப்புக் குருவி இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் யார்க்‌ஷயரில் எஃப். ஓ. மாரிஸ் என்ற பாதிரியார் பறவை நூல் எழுதிப் புகழ்பெற்றார். டார்வினைக் கடுமையாக எதிர்த்தவர். ஆடம்பரமில்லாத உடை, அடக்கமான நடத்தை, ஓசையில்லாத வாழ்க்கை என்று டன்னக்கைப் புகழ்ந்து, மனிதர் எல்லாரும் அதைப் பின்பற்றலாம் என்று பரிந்துரைத்தார்.

1980-களில் நிக் டேவிஸ் என்ற ஆய்வாளர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டத்தில் டன்னக்குகளின் காலில் வண்ண வளையம் மாட்டி, எது யாரோடு போகிறது என்று ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். மாரிஸ் பாதிரியாரின் சபையார் அந்தக் குருவியைப் பின்பற்றியிருந்தால் ஊர் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியாது. ஒரு ஆணுக்கு ஒரு பெட்டை உண்டு. ஒரு ஆணுக்கு இரண்டு பெட்டையும் உண்டு. ஒரு பெட்டைக்கு இரண்டு ஆணும் உண்டு. இரண்டு ஆணுக்கு இரண்டு மூன்று பெட்டைகள் பொதுவாக இருப்பதும் உண்டு. எல்லாம் ஒரே தோட்டத்தில், ஒரே பருவத்தில்.

இரண்டு ஆண்களோடு இருக்கும் பெட்டையைப் பாருங்கள். மூத்த ஆண் அவளை விட்டு அகலாமல் காவல் காக்கிறது. அவள் புதருக்குள் புகுந்து, அதன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, இளைய ஆணைத் தானே அழைத்துக்கொள்கிறாள். ஏன்? கூடிய ஆண் மட்டுமே பிறகு குஞ்சுக்கு இரை கொண்டுவரும். எந்த அளவுக்குக் கூடியதோ கிட்டத்தட்ட அந்த அளவுக்கு உழைக்கும். இரண்டு பேர் இரை கொடுத்தால் அதிகக் குஞ்சு பிழைக்கும். ஆணுக்கும் தந்திரம் உண்டு. கூடுவதற்கு முன் பெட்டையின் பின்புறத்தைக் கொத்திக்கொண்டே இருக்கும், முன்பு வந்தவனின் விந்து வெளியே சொட்டும்வரை. 1989-இல் டி.என்.ஏ. சோதனை செய்தபோது, இரு ஆண்களும் இரை ஊட்டிய கூடுகளில் இருவருக்குமே பிள்ளைகள் இருப்பது உறுதியாயிற்று.

டேவிஸின் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஆணுக்கு அதிகப் பிள்ளை தரும் ஏற்பாடு, அவனுக்கு இரண்டு மனைவி. பெட்டைக்கு அதிகப் பிள்ளை தரும் ஏற்பாடு, அவளுக்கு இரண்டு கணவன். ஒருவருக்கு நல்லது மற்றவருக்கு நட்டம். அப்படியானால் ஒருவனுக்கு ஒருத்தி என்பது யாருடைய ஆசை? அந்தத் தோட்டத்தைப் பொறுத்தவரை யாருடைய ஆசையும் இல்லை. இருவராலும் மற்றவரை மீற முடியாதபோது நிற்கிற இடம் அது. புதர் அடர்த்தியா, இரை எங்கே இருக்கிறது, பெட்டை எவ்வளவு தூரம் அலைய வேண்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த இடம் நகரும்.

இங்கிலாந்துப் பாதிரியாரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போக முடியாது. நம்மிடம் தூக்கணாங்குருவி இருக்கிறது. மழையில் நனையும் குரங்குக்குப் புத்தி சொல்லும் குடும்பஸ்தனாக விவேக சிந்தாமணி அதைக் காட்டுகிறது. சொந்த வீடு கட்டிக் குடியிருக்கும் பொறுப்பான பறவை. 1930-இல் மும்பைக்குத் தெற்கே கிஹிம் கடற்கரை ஊரில் சலீம் அலி அதைக் கூர்ந்து பார்த்து, மறு ஆண்டு எழுதினார். ஆண் குருவி கூட்டைப் பாதிவரைதான் பின்னும், தலைக்கவசம் கவிழ்ந்தது போல. பெட்டைகள் வந்து ஏறிப் பார்க்கும், அலகால் இழுத்துப் பார்க்கும். பிடித்தால் ஒன்று தங்கும். பிறகுதான் ஆண் நீண்ட வாசல்குழாயைப் பின்னி முடிக்கும். பெட்டை முட்டையிட்டு அடைக்கு உட்கார்ந்தபிறகு ஆண் பக்கத்திலேயே அடுத்த கூட்டைத் தொடங்கும், அடுத்த பெட்டைக்காக. குரங்குக்கு உபதேசம் செய்த குருவிக்கு வீடு ஒன்றல்ல.

இதைக் கேட்டவுடன் ஆண்குருவியின் சபலத்தைப் பற்றிப் பேசத் தோன்றும். நான் கிணற்றோரப் பனையில் காய்ந்து தொங்கும் அரைகுறைக் கூடுகளைப் பார்க்கச் சொல்வேன். பெட்டைகள் வந்து பார்த்து, வேண்டாமென்று போனவையும் அவற்றில் உண்டு. இந்தியாவிலேயே பின்னாளில் நடந்த ஆய்வு ஒன்று, பெட்டை முதலில் பார்ப்பது கூடு இருக்கும் இடத்தை, அதற்கு அப்புறம்தான் கட்டுமானத்தை என்று காட்டியது. கட்டியவனின் அழகு பெரிதாக எடைக்கு வரவில்லை. நம்மூரில் வீட்டுமனை பார்த்துப் பெண் கொடுக்கிற மாமனார்களுக்கு இதில் ஆறுதல் இருக்கலாம்.

மற்ற பறவைகளை விரைவாகக் கடந்துவிடுகிறேன். 1970-களில் அமெரிக்காவில் பயிரை நாசம் செய்யும் செந்தோள் கரும்பறவையைக் கட்டுப்படுத்த ஆண்களுக்குக் கருத்தடை அறுவை செய்து பார்த்தார்கள். அந்த ஆண்களின் எல்லைக்குள் கூடுகட்டிய பெட்டைகள் இட்ட முட்டைகளில் குஞ்சுகள் பொரிந்தன. 1980-களின் நடுவில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டுபிடித்த டி.என்.ஏ. ரேகை வந்தபிறகு மறைப்பதற்கு ஒன்றுமில்லை. சோடியாக வாழ்பவை என்று லாக் எண்ணிய இனங்களைச் சோதித்ததில், 2002-இல் வெளிவந்த ஒரு தொகுப்பின்படி, சராசரியாக நூற்றுக்குப் பதினொரு குஞ்சுகள் சோடிக்கு வெளியே பிறந்தவை. ஆஸ்திரேலியாவின் நீலத் தேவதைக் குருவியில் முக்கால்வாசி. அடங்கிய பெட்டை என்ற சித்திரம் அதோடு முடிந்தது.

ஏன் போகிறது பெட்டை என்பதற்கு இன்னும் ஒரே விடை கிடையாது. சிலர் நல்ல மரபணு என்கிறார்கள். சிலர் காப்பீடு என்கிறார்கள். எனக்கு அழுத்தமாகத் தோன்றும் விடை ஒரு குரங்கினுடையது. ராஜஸ்தானின் அபு மலையில் சாரா ஹர்டி என்ற இளம் அமெரிக்க மானிடவியலாளர் 1970-களில் அனுமன் மந்திகளை ஆராய்ந்தார். கர்நாடகத்தின் தார்வாடில் ஜப்பானியரான சுகியாமா அதற்கு முன்பே ஒரு கொடுமையைப் பார்த்திருந்தார். புதிய கடுவன் ஒன்று கூட்டத்தைக் கைப்பற்றினால் பால்குடிக் குட்டிகளைக் கடித்துக் கொல்லும். குட்டி போனால் தாய் விரைவில் மறுபடி சினைப்படும். ஹர்டி பார்த்தது அதற்கு மந்திகள் வைத்திருந்த பதிலை. அவை பல கடுவன்களோடு கூடின. சினையாக இருக்கும்போதே புதிதாக வந்தவனோடும் கூடின. தன் குட்டியாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறவன் கொல்லமாட்டான். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குச் சபலம். அவளுக்குப் பிள்ளையின் உயிர்.

பிரிவுகளையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் நார்த் ஷீல்ட்ஸில் கிட்டிவேக் என்ற கடற்பறவையை ஜான் கோல்சன் ஆண்டுக்கணக்கில் கவனித்தார். குஞ்சு பொரிக்கத் தவறிய சோடிகள், பொரித்த சோடிகளைவிட அதிகமாகப் பிரிந்தன என்று 1966-இல் எழுதினார். வாழ்நாள் துணைக்குப் பேர்போன அல்பட்ராசைப் பற்றி 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. ஃபாக்லாந்துத் தீவில் கரும்புருவ அல்பட்ராஸ்களில் ஆண்டுக்கு நூற்றில் நான்கு சோடிக்கும் குறைவாகவே பிரியும். கடல் வெப்பம் ஏறிய 2017-இல் அது எட்டை நெருங்கியது. அந்தமாதிரி ஆண்டுகளில் முந்தைய பருவம் நன்றாகவே குஞ்சு வளர்த்த பெட்டைகளும் துணையை மாற்றின. கடல் சூடானால் இரை விலகும், திரும்பிவரத் தாமதமாகும், உடம்பு இளைக்கும். அதற்கும் துணைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஊருக்குப் பஞ்சம் வந்தால் வீட்டில் சண்டை வருவதைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். தேர்வு ஒருநாள் நடந்து முடிந்துபோவதில்லை என்று இந்தப் பறவைகள் காட்டுகின்றன. ஒவ்வொரு பருவமும் அது புதுப்பிக்கப்படுகிறது, அல்லது கலைகிறது. நாம் நிலைத்த காதல் என்று சொல்வது பலமுறை அதே ஆளைத் தேர்ந்தது.

டார்வினின் மயில் என்னாயிற்று என்று யாராவது கேட்பீர்கள். கென்யாவில் நீளவால் விதவைக்குருவிகளின் வாலை வெட்டியும் ஒட்டியும் மால்ட்டே ஆண்டர்சன் 1982-இல் செய்த சோதனை டார்வினுக்குச் சாதகமாக வந்தது. நீட்டிய வாலுக்கு அதிகப் பெட்டைகள். இங்கிலாந்தின் விப்ஸ்னேடில் மரியன் பெட்ரி, தோகைக் கண்கள் அதிகமுள்ள மயிலைப் பெண்மயில்கள் விரும்புவதைக் காட்டினார். 2008-இல் ஜப்பானியக் குழு ஒன்று ஏழு ஆண்டு பார்த்துவிட்டு, எங்கள் மயில்களில் அப்படி ஒன்றும் தெரியவில்லை என்றது. வழக்கு இன்னும் நடக்கிறது. விராலிமலைப் பக்கம் யாராவது ஒரு மாணவர் இதை எடுத்துக்கொண்டால் நான் மகிழ்வேன். மயில் நம்முடையது, கேள்விகளெல்லாம் வெளிநாட்டு மிருகக்காட்சிசாலைகளில் கேட்கப்பட்டுக்கொண்டிருக்கின்றன.

இனி மனிதர். 1989-இல் டேவிட் பஸ் 37 பண்பாடுகளில் பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்டவர்களிடம் கேட்டு, பெண்கள் துணையின் வருவாயையும் ஆண்கள் துணையின் இளமையையும் கூடுதலாக மதிக்கிறார்கள் என்று எழுதினார். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. அதே ஆய்வில் இருபாலாரும் அன்புள்ள மனத்தையும் அறிவையும் மேலே வைத்திருந்தது செய்தியாகவில்லை. பத்தாண்டு கழித்து ஆலிஸ் ஈக்லியும் வெண்டி வுட்டும் அதே தரவை எடுத்து, பெண்களுக்குச் சம்பளமும் அதிகாரமும் கூடிய நாடுகளில் இந்த வேறுபாடு சுருங்குவதைக் காட்டினார்கள். எல்லா ஆய்வாளரும் இதை முழுதாக ஏற்கவில்லை. வாலஸ் மட்டும் இருந்திருந்தால் ஏற்றிருப்பார்.

இன்னொரு சோதனை நம் வீட்டுக் கூடத்துக்கே வருகிறது. அமெரிக்காவில் முன்பின் அறியாத இளைஞர்கள் நான்கு நிமிடம் பேசி, மறுபடி பார்க்க விருப்பமா என்று குறிக்கும் சந்திப்புகள் நடக்கின்றன. பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஆண்கள் மேசை மேசையாக நகர்வார்கள். பெண்கள்தான் எப்போதும் கறாராகத் தேர்வார்கள். பரிணாமம் என்றார்கள். 2009-இல் ஃபிங்கெலும் ஈஸ்ட்விக்கும் ஒரு எளிய காரியம் செய்தார்கள். ஆண்களை உட்காரவைத்துப் பெண்களை நகரவிட்டார்கள். அந்த வேறுபாடு காணாமற்போனது. நாற்காலியில் இருப்பவருக்குத் தேர்வு, தேடிவருபவருக்கு ஆவல் என்று ஆயிற்று. நம் பெண் பார்க்கும் சடங்கில் பாருங்கள், தேடி வருகிறவனுக்கே நாற்காலியும் பஜ்ஜியும் தேர்வும். காப்பித் தட்டோடு நிற்கிறவளுக்கு மூன்றும் கிடையாது. அமெரிக்கச் சோதனையில் இதற்கு இடமே இல்லை.

சோடிக்கு வெளியே பிறக்கும் பிள்ளைகள் மனிதரில் எத்தனை? பத்தில் ஒன்று என்று மேடைகளில் அடித்துவிடுவார்கள். பெல்ஜியத்தின் பழைய வம்சாவளிகளை ஒய் குரோமசோமோடு ஒப்பிட்ட மார்ட்டன் லார்முசோவின் ஆய்வுகளில் தலைமுறைக்கு நூற்றில் ஒன்றுதான் வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நெருக்கடியான நகரங்களில் ஏழைகளிடையே மட்டும் ஆறுவரை போனது. நமீபியாவின் ஹிம்பா மேய்ப்பர்களிடையே 2020-இல் வெளிவந்த ஆய்வில் நாற்பத்தெட்டு. அங்கே அது இழிவல்ல, அப்பாக்களுக்கும் பெரும்பாலும் தெரியும், பிள்ளை பிள்ளைதான். ஒன்றும் நாற்பத்தெட்டும் ஒரே மனித மரபணுவின் விடைகள். அப்படி இருக்க, ஆணின் இயல்பு இது, பெண்ணின் இயல்பு இது என்று மரபணுவைக் கூண்டில் ஏற்றிச் சாட்சி கேட்பதில் என்ன பொருள்?

நம் பழைய நூல்கள் இதில் என்ன நிலை எடுத்தன என்று தமிழ்த்துறை நண்பர்கள் கேட்பார்கள். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தலைவன் தலைவி ஒத்திருக்க வேண்டிய பத்தைச் சொல்கிறது. பிறப்பும் செல்வமும் மட்டுமல்ல, வயதும் உருவும் அருளும் உணர்வும் அந்தப் பத்தில் உண்டு. முக்கியமானது, அது இருவருக்கும் பொது. கலித்தொகையின் முல்லைப் பாடல்களில் ஏறு தழுவியவனை ஆயர்மகள் மணக்கிறாள். கொம்புக்கு முன்னால் போய் நிற்பது போலியாகச் செய்ய முடியாத விளம்பரம் என்று இஸ்ரேலிய உயிரியலாளர் அமோட்ஸ் ஜஹாவி சொல்லியிருப்பார். 1975-இல் அவர் தோகைக்குச் சொன்ன விளக்கமே அதுதான். ஆனால் மருதத்துக்கு வந்தால் பரத்தையிடம் போய்வருபவன் தலைவன் மட்டும். தலைவிக்கு ஊடல் உண்டு, பிரிவு இல்லை. கேம்பிரிட்ஜ் தோட்டத்துப் பெட்டைக்கு இருந்த புதர் அவளுக்கு இல்லை.

சட்டத்துக்கும் இதே பார்வை இருந்தது. டார்வினின் நூல் வெளிவந்த மறு ஆண்டு, 1860-இல், இந்தியத் தண்டனைச் சட்டம் நிறைவேறியது. மெக்காலேயின் முதல் வரைவில் பிறன்மனை கூடல் குற்றமாக இல்லை. பின்னால் வந்தவர்கள் 497-ஆம் பிரிவாகச் சேர்த்தார்கள். அதன்படி கூடிய ஆணுக்கு ஐந்து ஆண்டுவரை சிறை. கணவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை. மனைவி உடந்தையாகக்கூடத் தண்டிக்கப்படமாட்டாள். இரக்கம் போலத் தோன்றும். அவள் தானாக ஒன்றைத் தேர்ந்திருக்க முடியும் என்று சட்டம் கருதவே இல்லை என்பதுதான் அதன் பொருள். கணவன் வேறொரு பெண்ணிடம் போனால் மனைவிக்குப் புகார் செய்ய இடமும் இல்லை. 2018 செப்டம்பர் 27-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைச் செல்லாது என்றது. மனைவி கணவனின் உடைமை அல்ல என்பது தீர்ப்பின் உள்ளடக்கம். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 497-க்கு இடமில்லை. அதற்கு அடுத்து இருந்த 498 மட்டும் 84-ஆம் பிரிவாகத் தொடர்கிறது: மணமான பெண்ணைத் தவறான நோக்கத்தோடு ஆசைகாட்டி அழைத்துச் செல்பவனுக்கு இரண்டு ஆண்டுவரை சிறை. அழைத்துச் செல்லப்படுபவள் அவள் மட்டும்தான். மணமான ஆணை யாராவது அப்படி அழைத்துச் சென்றால் என்ன செய்வதென்று அதில் ஒரு சொல்லும் கிடையாது.